ஒரு மாத்திரை மௌனம்

பதின்மூன்று எழுத்துகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் சுற்றறிக்கை, பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள் வந்தது. எந்தப் பதின்மூன்று என்று அதில் சொல்லியிருக்கவில்லை. நிறுத்தி வைத்த எழுத்துகளை அலுவலகக் காகிதத்தில் எழுதக்கூடாது என்பதால், 'கீழ்க்கண்டவாறு' என்ற சொல்லுக்கு அடியில் பதின்மூன்று வெற்றுக் கட்டங்கள் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் இட்டிருந்தார்கள்.

அது 1979. முந்திய ஆண்டு தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்திருந்தது. அதுவரை தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கி நின்ற லை, தும்பிக்கையை இறக்கிவிட்டு முன்னால் சங்கிலிக் கொம்பு வைத்துக்கொண்டது. வாலைச் சுருட்டி வைத்திருந்த ணாவும் றாவும் னாவும் சுருளை அவிழ்த்துப் பக்கத்தில் ஒரு கால் ஊன்றிக்கொண்டன. காரைக்கால் எல்லையிலுள்ள வாஞ்சூர் சாவடிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஓர் எழுத்து; இந்தப் பக்கம், புதுச்சேரி ஆட்சியில், ஓர் எழுத்து. காரைக்காலுக்குப் பாடப்புத்தகம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். உத்தரவு இந்தப் பக்கத்திலிருந்து வரும். தலத்தெருவை ஒட்டியிருந்த அந்தத் தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு வந்த நாற்பத்திரண்டு புத்தகங்களில் பாதி பழைய அச்சு, பாதி புதிய அச்சு. எது சரி என்று எழுத்தறிவு மேற்பார்வை அலுவலகம் முடிவெடுக்கும்வரை இரண்டும் தவறு என்று முடிவாயிற்று.

"எந்த எழுத்துன்னு கேட்டுடலாமே சார்" என்றாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை லோகாம்பாள்.

"கேட்டேம்மா. தபாலாபீசுக்குப் போயி டிரங்கால் போட்டுக் கேட்டேன்" என்றார் தலைமை ஆசிரியர் சுப்ராயன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. "அதையெல்லாம் போன்ல சொல்லக்கூடாது சார், உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, நீங்களே ரொப்பிக்குங்கங்குறான் அந்த கிளார்க்கு."

இருவரும் உட்கார்ந்து பென்சிலால் கட்டங்களை நிரப்பினார்கள். நிரப்பியதும், நிறுத்தி வைத்த எழுத்துகள் அலுவலகக் காகிதத்தில் ஏறிவிட்டன என்று சுப்ராயனுக்கு உறைத்தது. ரப்பரால் அழித்தார். அதற்குள் லோகாம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். யானை போயிற்று. பானை, காலை, மாலை, வேலை, நாளை, நினைப்பு, எல்லாம் போயின. அண்ணா போனார். பிள்ளை போயிற்று. காரைக்காலைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிற எல்லை போயிற்று.

"இல்லையும் போச்சு சார்."

"ஆமாமா." சுப்ராயன் கொஞ்சம் யோசித்தார். "அது போனா நமக்கு நல்லதுதான், லோகாம்பா."

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவள் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது உத்தரவு வந்தால்தான் கோவில்பத்திலிருந்து கிளம்பி வந்து இந்த நாற்காலியில் உட்காரலாம். மூன்று ஜூன் அப்படிக் கடந்திருந்தது. நாலாவது ஜூனில், எழுத்துகளே தற்காலிகமாகிவிட்ட பிறகு, தான் ஏன் என்று கேட்பது அழகாக இருக்காது என்று தோன்றியது.

அந்த வாரம்தான் ஆஸியா பீவி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்குப் பின்தெருக்காரி. கணவன் சேக் பரீது துபாயில் கட்டட வேலையில் இருந்தான்.

"ஏழு வயசாயிட்டு டீச்சர். இவ்வளவு நாளா ஏன் அனுப்பலன்னு திட்டாதீங்க." சேர்க்கைப் படிவத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு மையைச் சுவரில் துடைத்தாள். "இவள டாக்டராக்குங்க, கலெக்டராக்குங்கன்னு நான் கேக்க வரல. அவ வாப்பா போடுற கடுதாசிய ஊட்டுக்குள்ள உக்காந்து எனக்குப் படிச்சுச் சொல்லணும். அது போதும்."

"இப்ப யாருங்க படிக்கிறா?"

"பீர் மைதீன். மளிகைக் கடை. தராசுல பருப்பப் போட்டுக்கிட்டே சத்தமா படிப்பாரு. போன மாசம் மச்சான் எந்தலமுடியப் பத்தி ரெண்டு வரி எழுதிருந்தாங்க." நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைலேர்ந்து அந்தக் கடைப் பக்கம் போனா, நிக்கிற ஆம்பளைங்கல்லாம் எம்முக்காட்டத்தான் பாக்குறாங்க டீச்சர்."

"ஒரு வருஷத்துல படிக்க வச்சிடுறேங்க" என்றாள் லோகாம்பாள். யாரிடமும் எதையும் அவ்வளவு உறுதியாக அவள் சொன்னதில்லை. மகள் உம்மு சல்மா சுவரில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுற்றறிக்கையின் நான்காம் பிரிவு, நிறுத்தி வைத்த எழுத்துள்ள சொற்களின் மேல் பழுப்புத்தாள் ஒட்டச் சொன்னது. அரை விரல் அகலம், மைதாப் பசை. ஒரு புத்தகத்துக்கு முந்நூற்றுப் பதினோர் ஒட்டு. பத்து நாள் ஒன்றாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை, பசை காய்ந்தது. படங்களைப் பற்றி உத்தரவு எதுவும் வராததால் யானைப் படம் அப்படியே இருந்தது. அதன் கீழே பழுப்புத்தாள்.

"இது என்ன?"

"யானை டீச்சர்."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"காயிதம் டீச்சர்."

வருகைப் பதிவேட்டிலும் ஒட்ட வேண்டியிருந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் ஞானாம்பாளின் பெயரில் இரண்டாம் எழுத்து போயிற்று. சொல்லே போக வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் பெயரே இல்லாத பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று சுப்ராயன் எழுதிக் கேட்க, பெயர்களுக்கு மட்டும் எழுத்தளவில் சலுகை தரப்பட்டது. "ஞாம்பாள்" என்று லோகாம்பாள் கூப்பிட்டாள்.

"எம்பேருல ஓட்ட விழுந்துட்டு" என்று அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொன்னாளாம்.

ஏழாம் பிரிவுதான் கடினமானது. வாசிக்கும்போது அத்தகைய சொல் குறுக்கிட்டால், சிறார் அதை அமைதியாகக் கடக்க வேண்டும். கடக்கும் நேரம் ஒரு மாத்திரைக்குக் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. மாத்திரை என்றால் கைநொடிக்கும் நேரம், அல்லது கண் இமைக்கும் நேரம். லோகாம்பாள் முதலில் கைநொடியைத்தான் எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் விரல் சொடுக்க, இரண்டாம் வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பொரி வறுக்குறீங்களா?" என்றார். அன்றிரவெல்லாம் யோசித்து, மறுநாள் கண்ணிமைக்கு மாறினாள். கண்ணை மூடு, திற, அடுத்த சொல்லுக்குப் போ. சத்தமில்லை. அழகாகக்கூட இருந்தது. தான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே பாடமுறை அது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் இருந்தது.

ஒட்டாத காகிதத்தில் அந்த எழுத்து வந்தால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி செய்தாள். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, பதின்மூன்று எழுத்துகளையும் பழைய உருவத்தில் ஒரு வரிசை, புதிய உருவத்தில் ஒரு வரிசை எழுதினாள். இவற்றைக் கண்டால் இமைக்க வேண்டும். ஓசை சொல்லித் தரவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினாள். ஆண்டு முடிவதற்குள் அந்த வகுப்பு மிகத் துல்லியமாக அடையாளம் காணத் தெரிந்துகொண்ட எழுத்துகள், வாசிக்கக் கூடாத அந்த இருபத்தாறு உருவங்கள்தாம்.

உம்மு சல்மா எல்லாரையும் முந்திக்கொண்டு படித்தாள். ஆடி முடிவதற்குள் எழுத்துக் கூட்டினாள். புரட்டாசியில் சொல் சொல்லாக வாசித்தாள். இமைப்பதிலும் அவள்தான் முதல். அவள் இமைகள் நீளமானவை, மூடித் திறப்பது பின் பெஞ்சுக்கும் தெரியும்.

இதற்கிடையில் பேச்சு பற்றிய விளக்கக் கடிதம் வந்தது. வாயில் இருப்பது கைக்கு வரும் என்பதால், வகுப்பு நேரத்தில் அந்தச் சொற்களைப் பேசவும் கூடாது.

"பேச்சுல நம்ம இல்லன்னுதானே சொல்றோம்? ல-தானே வருது?" என்று சுப்ராயன் நியாயமாக ஒரு சந்தேகம் எழுதி அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அது ல அன்று. நிறுத்தி வைத்த எழுத்து மாறுவேடத்தில் வருவது. மாறுவேடம் குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

ஆகவே பிள்ளைகள் இல்லை என்பதற்கும் கண்ணை மூடித் திறந்தார்கள். பலகை கொண்டு வந்தாயா? கண் மூடித் திறக்கும். சாப்பிட்டாயா? கண் மூடித் திறக்கும். லோகாம்பாளுக்கும் அது பழகிவிட்டது. ஒருநாள் வீட்டில், "நீ ஒண்ணும் வருத்தப்படலியே?" என்று அண்ணி எதற்கோ கேட்டபோது கண்ணை மூடித் திறந்தாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோதும், மூன்று வருஷம் ஒவ்வொரு ஜூனிலும் அலுவலக வராந்தாவில் நின்றபோதும், தான் இதைத்தான் செய்திருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது தன்னிடம் முன்பே இருந்ததைத்தான்.

காலாண்டு அறிக்கைப் படிவம் அச்சடித்து வந்தது. கரும்பலகை: உண்டு, பக்கத்தில் பழுப்புத்தாள். குடிநீர்: உண்டு, பழுப்புத்தாள். கழிப்பிடம்: உண்டு, பழுப்புத்தாள். ஒழுகாத கூரை: உண்டு, பழுப்புத்தாள். வேண்டாததை அடித்துவிடவும் என்று கீழே குறிப்பு இருந்தது. 'உண்டு' என்பதை அடித்தால் மிஞ்சுவது வெறும் பழுப்புத்தாள். சுப்ராயன் ஏழு இடத்தில் வாளி வைத்திருந்த அறையில் உட்கார்ந்து அதை நிரப்பினார். வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்கு நேரே 'இ' போடுவது வழக்கம். அது எந்தச் சொல்லின் சுருக்கம் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதுவும் நின்றது. வருகை நூற்றுக்கு நூறு ஆயிற்று.

ஐப்பசியில் அதே பின்தெருக்காரன் காஜா மைதீன் துபாயிலிருந்து விடுப்பில் வந்தான். பீர் மைதீன் கடையில் நின்று சிகரெட் பிடித்தபடி, சேக் பரீதுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, தானே ஒரு பெண்ணோடு பார்த்தேன் என்று சொன்னான். ஆஸியா பீவி வீட்டுக்குள் இருந்தாள்; சேதி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

மறுநாள் பள்ளி விட்ட பிறகு அவள் லோகாம்பாளிடம் வந்தாள். "ஒரு கடுதாசி எழுதணும் டீச்சர்."

"சொல்லுங்க."

"காஜா மைதீன் இப்படிச் சொல்றான், உண்மையான்னு கேளுங்க. அவ்வளவுதான். சுகம் கேக்க வேணாம், புள்ள சுகம்னு போட வேணாம்."

லோகாம்பாள் எழுதினாள். 'உண்மையா இல்லையா' என்று எழுத வந்த கை, 'உண்மையா' என்பதோடு நின்றது. பள்ளி நேரம் முடிந்துவிட்டதுதான். ஆனாலும் எழுதுவது பள்ளிக்கூட மேஜை.

"பதில் வந்ததும் கொண்டாங்க, படிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"வேணாம் டீச்சர். கோவிச்சுக்காதீங்க." ஆஸியா கடிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். "கேள்விய அடுத்தவங்க கையால கேட்டுடலாம். பதில அடுத்தவங்க வாயால கேக்க முடியாது. எம்புள்ள படிக்கும்ல இப்ப?"

"நல்லா படிப்பா."

"அது போதும்."

கார்த்திகை மழையில் மேற்பார்வை அலுவலர் முத்தையன் ஆய்வுக்கு வந்தார். குடையை ஒரு வாளிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்தார். "யாருக்காவது புரியாதது ஏதாவது இருக்கா?"

நாற்பத்திரண்டு பேரும் கண்ணை மூடித் திறந்தார்கள். சந்தேகங்கள் அறவே நீங்கிய வகுப்பு என்று அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"ஒட்டாத காகிதத்த யாராவது வாசிக்க முடியுமா?"

உம்மு சல்மா எழுந்து வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து அன்றைய பத்திரிகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் 'நாளை மழை பெய்ய வாய்ப்பு இல்லை' என்று இருந்தது. அவள் முதலில் ஒருமுறை இமைத்தாள். "மழை பெய்ய வாய்ப்பு" என்றாள். மறுபடி இமைத்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முத்தையன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பத்திரிகையைவிடப் பெண் வாசித்ததுதான் சரியாக இருந்தது. "சபாஷ்" என்றார்.

ஒரு வாக்கியம் தன் கண்முன் தலைகீழாகக் கவிழ்ந்ததை லோகாம்பாள் மட்டும் பார்த்துவிட்டாள். துபாயிலிருந்து வரப்போகும் பதில் நினைவுக்கு வரப் பார்த்தது. அதற்குள் அவர் குறிப்பேட்டில் 'ஆசிரியை மிக நன்று. நிரந்தரத்துக்குப் பரிந்துரை' என்று எழுதுவது தெரிந்தது. தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்தை அவள் மிக நன்றாக வாசித்தாள். வரப் பார்த்த நினைவு அமுங்கிவிட்டது. அதை அமுக்கியது யார் என்று பிற்பாடு பல நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்போது கேட்கவில்லை.

பிறகு முத்தையன் ஆசிரியர்கள் நடுவில் பேசினார்.

"எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆபீஸ்ல போயி உக்காந்தா மேஜ மேல தபால் குவிஞ்சு கெடக்கும். பிரிச்சா எல்லாத்துலயும் ஒரே சொல்லு. கூரை," என்று கண்ணை மூடித் திறந்தார். "தண்ணி," மூடித் திறந்தார். "வாத்தியார்," மூடித் திறந்தார். "எவ்வளவு ராத்திரி நான் தூங்காம இருந்திருப்பேன். இந்த ஆறு மாசத்துல அப்படி ஒரு கடுதாசி வரணுமே? எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் எல்லாம் உண்டு. இவ்வளவு வருஷம் சிமெண்டு கேட்டு, கட்டடம் கேட்டு மேலிடத்த நச்சரிச்சோம். எழுத்த எடுத்தா கொற போயிடும்னு யாருக்காவது தோணுச்சா பாருங்க. பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப கூட இவ்வளவு நிம்மதியா நிர்வாகம் நடந்ததா எனக்குத் தெரிஞ்சு..." கண்ணை மூடித் திறந்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஏழு வாளிகளிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மார்கழியில், அரையாண்டு விடுமுறையின்போது, சேக் பரீதின் பதில் வந்தது. ஆஸியா பீவி தபால்காரர் போகும்வரை காத்திருந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சன்னலையும் சாத்தினாள். பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குள் இருட்டாயிற்று. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்த இடத்தில் மகளை உட்கார வைத்தாள்.

சேக் பரீது மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துகள் பெரிது பெரிதாக, தனித்தனியாக இருந்தன. உம்மு சல்மாவுக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

"உன் கடிதம் கிடைத்தது. படித்து அழுதேன். ஊரில் பேசுகிறபடி எனக்கு இங்கு வேறு குடும்பம்."

கண்ணை மூடித் திறந்தாள்.

"காஜா மைதீன் பார்த்த பெண்ணுக்கும் எனக்கும் சம்பந்தம்."

மூடித் திறந்தாள். இன்னொரு முறையும் மூடித் திறந்தாள்.

"மறந்து வாழ எனக்கு விருப்பம்." மூடித் திறந்தாள். "அல்லா சாட்சி."

ஆஸியா கடிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "மறுக்கா படி" என்றாள்.

மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை.

"எதையும் உட்டுடலியே?"

"படிக்க வேண்டியதெல்லாம் படிச்சுட்டேன் உம்மா."

தை பிறந்த பிறகு உம்மு சல்மா பள்ளிக்கு வரவில்லை. முதல் நாள் காய்ச்சலாக இருக்கும் என்று லோகாம்பாள் நினைத்தாள். பதிவேட்டில் அவள் வந்ததற்கான குறிதான் போட முடியும், போட்டாள். மறுநாளும் போட்டாள். ஒருவர் வந்திருப்பதாகத் தன் கையாலேயே தினமும் எழுதினால், அவரைத் தேடிப் போவது எப்படி? மூன்றாவது பெஞ்சில் வெறும் இடம் இருந்தது. பதிவேட்டில் அது நிரம்பியிருந்தது. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமாக இருந்தது.

பங்குனியில் இரண்டு உறைகள் ஒன்றாக வந்தன. ஒன்றில் புதிய எழுத்தையே ஏற்பது என்ற முடிவு. பதின்மூன்று எழுத்துகளும் திரும்பப் பணியில் சேர்க்கப்பட்டன. சென்ற ஜூன் முதல் தேதியிலிருந்தே. ஆகவே அந்தக் காலம் முழுவதும் சிறார் அவ்வெழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்ததாகவே கருதப்படும். புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை; சொல்லித்தந்தால் அது இருமுறை கற்பித்ததாகும்.

மற்றொன்றில் லோகாம்பாளின் நிரந்தர உத்தரவு.

"வாயத் தொறந்து சிரியேம்மா" என்றார் சுப்ராயன். "இனிமே யாரும் உன்ன அசைக்க முடியாது."

அவள் உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் பின்தெருவுக்குப் போனாள். சல்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அந்தப் பதின்மூன்றையும் யாருக்கும் தெரியாமல் இருமுறை கற்பித்துவிட வேண்டும் என்றுதான் போனாள்.

ஆஸியா பீவி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று பாயை நகர்த்திப் போட்டாள்.

"புள்ளய ஏங்க அனுப்பறதில்ல?"

"கடுதாசி படிக்கத்தானே டீச்சர் அனுப்புனேன். இனிமே கடுதாசி வராது."

கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். கணவன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு எழுதிவிட்டான். அல்லா சாட்சி என்றும் போட்டுவிட்டான். நாகூரிலிருக்கும் அவள் அண்ணன் ஜெய்னுலாபுதீன் வந்து, அவள் சொன்னபடி துபாய்க்கு எழுதினார். ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம். உங்கள் வழி உங்களுக்கு. அதற்குப் பதில் நேற்று வந்தது.

"சல்மா, டீச்சருக்குப் படிச்சுக் காட்டு."

உம்மு சல்மா வந்து, வகுப்பில் நிற்பதுபோல் நேராக நின்று வாசித்தாள்.

"நீ கேட்டபடி உன் வழி உனக்கு. இனி நான் கடிதம் எழுத மாட்டேன். சேக் பரீது."

ஒரே மூச்சில், சரளமாக, ஓர் இடத்தில்கூட இமைக்காமல் படித்தாள். பதின்மூன்றில் ஓர் எழுத்தும் அதில் இருக்கவில்லை.

"எவ்வளவு நல்லா படிக்கிறா பாருங்க" என்றாள் ஆஸியா. "நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. மொத கடுதாசி படிக்கறப்பத்தான் கண்ணக் கண்ணச் சிமிட்டுனா. கூரைலேர்ந்து தூசு விழுந்துதோன்னு நெனச்சேன்."

லோகாம்பாள் பாயில் முன்னால் நகர்ந்தாள். "அந்தக் கடுதாசி இருக்கா?"

"யார்கிட்டயும் காட்டல டீச்சர். அண்ணன் கேட்டதுக்குக் கூட தரல. அத இன்னொரு வாயால கேக்க எனக்குத் தெம்பு கெடையாது." சற்றுத் தயங்கினாள். "நீங்க வாய் தொறக்காம படிச்சுக்குங்க."

தகரப் பெட்டியின் அடியிலிருந்து, துணிகளுக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். லோகாம்பாள் வாய் திறக்காமல் படித்தாள்.

'உன் கடிதம் கிடைத்தது. படித்து அழுதேன். ஊரில் பேசுகிறபடி எனக்கு இங்கு வேறு குடும்பம் இல்லை. காஜா மைதீன் பார்த்த பெண்ணுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. உன்னை மறந்து வாழ எனக்கு விருப்பம் இல்லை. அல்லா சாட்சி.'

மூன்று இடத்திலும் லை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பத்து மாதமாக அவள் காட்டியும் வாசிக்காத பழைய எழுத்து. பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டியது.

ஆஸியா கீரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தானே டீச்சர் படிச்சா?"

ஒரே ஒரு சொல். மூன்று எழுத்து. மேற்பார்வை அலுவலகமே திரும்பப் பணியில் சேர்த்துவிட்ட சொல். லோகாம்பாள் வாயைத் திறந்தாள். உள்ளே அது இருந்தது. தொண்டைக்கு இந்தப் பக்கம் வர மறுத்தது. பைக்குள் உத்தரவுக் காகிதம் தொடையில் உறுத்தியது. ஆஸியாவின் பார்வையைத் தாங்க முடியாமல், அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

ஆஸியாவுக்கு எதுவும் புரியவில்லை. அதைச் சரியென்றுகூட எடுத்துக்கொண்டாளோ என்னவோ, கையைக் கீரைக்கு நீட்டினாள்.

நின்ற இடத்திலிருந்து ஆசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த உம்மு சல்மாவுக்குப் புரிந்தது. வகுப்பில் முதலில் விடை சொல்லும் அதே தெளிந்த குரலில் சொன்னாள்.

"இல்லங்கறாங்க உம்மா."